ஒரு பகலுக்கு ரூரிஸ்ட்

எண்பத்தாறாம் ஆண்டு, மழைக்குளிர். நானும் தங்கச்சியும் ஜேர்மன் எல்லையோர நகரமான ஆஹெனில் ரெயிலால் இறங்கினோம். களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரனின் ஆள் ஒருவர் வெளியே நின்றார். கழுத்தில் மப்ளர், வாயில் சிகரெட்.

"இருட்டுப்படத்தான் கார் வரும். மாக்கெற்றடி பெற்றோல் செட்டுக்கு வாங்கோ. அதுமட்டும் நீங்கள் ரெண்டுபேரும் ரூரிஸ்ட்" என்றார்.

"என்னத்தைப் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"பெரிய சேர்ச் ஒண்டு இருக்கு. எல்லாரும் அதைத்தான் பாக்கிறது. அண்ணாந்து பாத்துக்கொண்டு நடவுங்கோ அண்ணை. நிலத்தைப் பாத்து நடந்தால் அகதியெண்டு பிடிச்சிடுவாங்கள்."

பிலிம் இல்லாத கமரா ஒன்றை என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார்.

தங்கச்சியின் புருஷன் பாரிசில். கலியாணம் முடித்த சூட்டோடு வெளிக்கிட்டவர். அவரிடம் போய்ச் சேரத்தான் அவள் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, பீலெஃபெல்டில் என் அறையில் ஒளித்திருந்தாள். ஜேர்மனியில் பிடிபட்டால் இங்கேயே அகதியாகப் பதிந்து அசூல் அடிக்க வேண்டும். அடித்தால் இங்கேயே கட்டிப்போடுவார்கள். பாரிஸ் இல்லை. அவளிடம் ஒரு பேப்பரும் இல்லை. என்னிடம் அகதி அட்டை இருந்தது. ஆனால் அந்த அட்டையோடு பீலெஃபெல்டை விட்டு வெளியே வரக் கூடாது.

அண்ணாந்து பார்த்து நடந்தோம். கழுத்து நொந்தது. நகரசபைக் கட்டிடத்தில் கல் ராசாக்கள் வரிசையாக நின்றார்கள்.

"உந்த ராசாமாருக்குக் குளிராதே அண்ணை?"

"பேசாமல் பார்."

தபால்காரனின் தொப்பியைக் கண்டாலும் பொலிஸ் என்று தங்கச்சியை மற்றப் பக்கம் திருப்பினேன். ஓரிடத்தில் சுவரிலிருந்து சுடுதண்ணீர் வந்தது. அழுகிய முட்டை மணம். ஊற்றுத் தண்ணியாம். தங்கச்சி கையை அதில் வைத்தாள். எடுக்கவில்லை.

"கன்னியாக் கிணறு மாதிரிக் கிடக்கு" என்றாள்.

ஊரில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில்தான் எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குக் கிரியை செய்வார்கள். "இண்டைக்கு உந்தக் கதை வேண்டாம்" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. அப்போது யப்பான்காரர் கூட்டம் ஒன்று வந்தது. முன்னால் ஒரு பெண் மஞ்சள் கொடி பிடித்துக்கொண்டு போனாள். எல்லோர் கழுத்திலும் கமரா. அவர்களுக்குப் பின்னால் நாங்களும் போனோம்.

"உங்கடை நிறத்துக்கு யப்பான்காரன் எண்டே நினைப்பினம்?" என்று தங்கச்சி கேட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

சேர்ச் வாசலில் நாங்கள் சப்பாத்தைக் கழற்றினோம். யோசிக்கவில்லை. கோயில் வாசல், கால் தானாகக் கழற்றியது. மழை படாமல் ஓரமாக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனோம். கல் நிலம் ஐஸ்.

எல்லோரும் மேலே தங்கக் கூரையைப் பார்த்தார்கள். ஒரு யப்பான் கிழவர் மட்டும் எங்கள் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். கொடிக்காரி ஓடிவந்து தடுத்தாள். கூட்டம் திரும்பி எங்களைப் பார்த்தது. சேர்ச்சைப் பார்க்கிற ஆள் வந்தார். கோபமில்லை. சப்பாத்தைப் போடச் சொல்லிக் கையால் காட்டினார்.

எடுக்கப் போனேன். வாசலில் இரண்டு பொலிஸ்காரர். எங்கள் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பித் தங்கச்சியிடம் வந்தேன்.

"பிள்ளை, பொலிஸ். நீ உந்தக் கொடிக்குப் பின்னாலை போ. என்னைப் பாராதை. பெற்றோல் செட் தெரியும்தானே?"

"வெறுங்காலோடையோ?"

"ஓம். போ."

நான் வெளியே போனேன். அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். பீலெஃபெல்ட் என்று ஒருவன் வாசித்து மற்றவனுக்குக் காட்டினான்.

"அலைன்?" தனியவோ என்று கேட்கிறான்.

"யா" என்றேன்.

பொம்பிளைச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினான். அதையும் என்னுடையது என்றேன். இருவரும் சிரித்தார்கள்.

அப்போது யப்பான்காரர் வெளியே வந்தார்கள். குடைகள் விரிந்தன. நடுவில் தங்கச்சி. ஈரக் கல்லில் காலுறையோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். பொலிஸ் குடைகளைத்தான் பார்த்தது. அவள் எங்களைத் தாண்டினாள். மூலை வரைக்கும் போய்விட்டாள். போ, போ என்று மனதுக்குள் சொன்னேன்.

மூலையில் நின்றாள். திரும்பினாள். வந்தாள்.

பொலிஸ்காரன் என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான். "தெரியுமோ?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவளுக்குத் தெரிந்த ஜேர்மன் நாலைந்து சொல். அதில் ஒன்றைச் சொன்னாள்.

"புறூடர்." அண்ணன்.

வாகனத்தில் கேட்டேன். "ஏன் வந்தனீ?"

"உங்களைக் கொண்டுபோறதைப் பாத்துக்கொண்டு நான் காருக்கு நிக்கிறதே?"

"நிண்டிருக்க வேணும்."

அவள் நனைந்த காலுறையைக் கழற்றிப் பிழிந்தாள்.

பொலிஸ் ஸ்டேசனில் அவளுடைய விரல்கள் எல்லாவற்றையும் மையில் ஒற்றினார்கள். அசூல் அடித்தாள். வேறு வழியில்லை. அவளைத் தூரத்து ஹைம் ஒன்றுக்கு, அகதி விடுதிக்கு, அனுப்பினார்கள், என்னை பீலெஃபெல்டுக்குத் திருப்பினார்கள். பிரியும்போது சொன்னாள்:

"அவருக்கு நீங்களே சொல்லுங்கோ. திரும்பி வந்தது பிழை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

அன்றிரவே ரெலிபோன் கூண்டிலிருந்து பாரிசுக்கு, அவள் புருஷனுக்கு எடுத்தேன். என் குரல் கேட்டதும் அவர் கேட்டார்:

"எங்கை மச்சான், இன்னும் ஆளைக் காணேல்லை? சோறும் ஆக்கி வைச்சிட்டன்."

"வரமாட்டாள். இஞ்சை பிடிச்சிட்டாங்கள்" என்றேன்.

எப்படிப் பிடிபட்டாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்ததை நானும் சொல்லவில்லை. போட்ட காசு முடியுமட்டும் இரண்டு பக்கமும் அப்படியே நின்றோம்.