பைண்டர் கலக்காத சிவப்பு

பொங்கலூர் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பிரின்டிங் பட்டறையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். பனியனில் எழுத்தும் படமும் அச்சடிக்கிற வேலை. கலர் கலக்குவது என் பொறுப்பு. கோயில் நோம்பி, பள்ளிக்கூட விளையாட்டு விழா, கட்சி மாநாடு என்று எது வந்தாலும் அடிப்போம். யார் முகத்தை யார் நெஞ்சில் அடித்தாலும் எனக்கென்ன என்றுதான் இருந்தேன், போன ஐப்பசியில் அவன் வந்து உட்காரும் வரை.

அவன் என்றுதான் எழுதுவேன். வயதில் மூத்தவன்தான், ஆனால் மரியாதை கொடுக்க மனசு வரவில்லை.

முதலாளியின் மேசைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். முடி நரைத்துவிட்டது. கன்னம் ஊதி, வெளிநாட்டுக் குளிரின் வெளுப்பு ஏறியிருந்தது. ஆனால் குரல் மாறவில்லை. வன்னியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் தம்பியைக் கேட்ட அதே குரல்.

போர் முற்றிய காலத்தில் எங்கள் ஊரில் ஊர்க்காவலுக்கென்று ஒரு படை திரட்டினார்கள். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். ஆள் சேர்த்தவன் இவன்தான். தம்பிக்கு மீசைகூட அரும்பவில்லை. வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்தோம். சும்மா பதுங்குகுழி வெட்டுகிற வேலைதான், இரண்டு கிழமையில் விட்டுவிடுவோம் என்று இவன் சாவகாசமாகச் சொன்னான். அம்மா இவன் காலில் விழுந்தாள். கூட வந்தவர்கள் வைக்கோலைக் கிளறித் தம்பியை இழுத்துப் போனார்கள். ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது. அதே மாதம் இவன் தன் சொந்த மகனைக் கொழும்புக்கு அனுப்பி விமானம் ஏற்றிவிட்டான்.

தம்பி பெட்டியில் திரும்பி வந்தான். முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி அம்மா கெஞ்சினாள். இவன் மூடியின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, திறக்கக் கூடாது என்றான். ஊர் மயானத்தில் புதைத்தோம். சண்டை முடிந்ததும் ராணுவம் வந்து அந்தக் கல்லறைகளையெல்லாம் புல்டோசர் விட்டு உழுதது. அவர்கள் மேல் இருக்கிற ஆத்திரம் தனி. அவர்கள் எனக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள். இவன் கைக்கெட்டும் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வந்த காரியத்தை முதலாளியிடம் விளக்கினான். அதே மயானத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவுக்கல் நடுகிறானாம். கார்த்திகையில் திறப்பு. வருகிற சனம் எல்லாருக்கும் வெள்ளை டீசர்ட். கல்லில் வெட்டியிருப்பதையே முதுகில் அச்சடிக்க வேண்டும் என்று போனில் படத்தைக் காட்டினான். மேலே சிவப்பில், ‘தாமாக முன்வந்து உயிர் தந்த எங்கள் வீரர்கள்’. நடுவில் கறுப்பில், சின்ன எழுத்தில், பிள்ளைகளின் பெயர்கள். அதில் என் தம்பியும் இருந்தான். கீழே மறுபடியும் சிவப்பில், ‘உபயம்’ என்று போட்டு இவன் பெயர், எல்லாவற்றையும்விடப் பெரிதாக.

மேலே இருக்கிற வரி வேண்டுமா என்று கேட்டேன். என் பேச்சைக் கேட்டுத் தலையைத் தூக்கினான்.

"நீங்கள் எவ்விடம், தங்கச்சி?"

மன்னார்ப் பக்கம் என்று பொய் சொன்னேன். நம்பிவிட்டான். தம்பியைக் கொண்டுபோன அன்றைக்கு இவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தியவளை இவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்த வரி கட்டாயம் வேணும். அதுதானே பிள்ளையளுக்குப் பெருமை" என்றான்.

சாயங்காலம் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். திறப்பு விழாவில் முதல் சுடரை இறந்தவர்களில் ஒருவரின் தாய்தான் ஏற்ற வேண்டும். அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள், அவளும் சரி என்றிருக்கிறாள். அவன் பக்கத்தில் போய் எப்படி நிற்பாய் என்று கத்தினேன். விளக்கு என் பிள்ளைக்கு, இடையில் அவன் யார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். வயதானதும் அம்மாவுக்கு ரோஷம் போய்விட்டது என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது.

நான் போய்த் தடுக்க முடியாது. கையில் இருப்பது அகதி அட்டை, பாஸ்போர்ட் இல்லை. என் கையில் இருந்தது கலர்ச் சட்டி மட்டும்.

கலரோடு பைண்டர் என்ற பசையைக் கலந்தால்தான் அது துணியைப் பிடித்துக்கொள்ளும். கலக்காமல் அடித்தாலும் பார்வைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும், தண்ணீர் படுகிற வரை. கறுப்புச் சட்டியில் வழக்கத்தைவிடத் தாராளமாகப் பைண்டர் ஊற்றினேன். சிவப்புச் சட்டியில் ஒரு சொட்டும் விடவில்லை. கார்த்திகையில் வன்னியில் மழை பெய்யாமல் இருக்காது. முதலாளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

திறப்பு அன்று அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி போன் வீடியோவில் காட்டினாள். மழை கொட்டியது. அம்மா குடையை வாங்க மறுத்து, நனைந்துகொண்டே சுடர் ஏற்றினாள். அவன் மைக்கில் பேசி முடித்து, கல்லுக்கு மாலை போடத் திரும்பினான். முதுகில் அவன் பெயர் கரைந்து வேட்டி வரைக்கும் ஒழுகியிருந்தது. ‘தாமாக முன்வந்து’ என்ற வரியும் போயிருந்தது. கூட்டத்தில் எல்லார் முதுகிலும் அப்படித்தான். பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் அடித்தபடி கறுப்பாக நின்றன. சாய ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஏனுங்க்கா, செவப்பு பூரா ஓடிப்போச்சுன்னு சத்தம் போடறாருங்க. வேற அடிச்சுக் குடுக்கச் சொல்றாரு. என்னன்னு நீங்களே சொல்லுங்க."

போனை வாங்கினேன்.

"கல்லில இருக்கிற முதல் வரியை அழிச்சிட்டு வாங்கோ. பிறகு உங்கட பேரைப் போகாத மாதிரி அடிச்சுத் தாறன்."

"நீ ஆர்?" என்றான்.

"பெட்டியைத் திறக்கவிடாம அமத்திப் பிடிச்சீங்களே, அதுக்குள்ள கிடந்தவன்ர அக்கா."

போன் கட்டானது. முதலாளி போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போயி வேலையப் பாருங்க்கா" என்றார். இன்று வரை அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"துணியில கிடந்தது போயிட்டுது. கல்லில கிடக்கிறதை எதால எடுக்கிறது, பிள்ளை?"

உளிதான் வேண்டும் என்றேன்.

"சின்ன உளி காணுமோ, பெரிசு வேணுமோ?" என்றாள் அம்மா.