ஸ்தூரேயின் டிராயரும் ஒரு சிவப்புப் பொட்டும்

மாய்பிரிட் பால் லாரி ஓட்டுகிறவள். சிம்ரிஸ்ஹாம்ன் துறைமுகத்துக்கு மேற்கே இருக்கிற மாட்டுப் பண்ணைகளுக்கெல்லாம் விடிவதற்கு முன்பே போய், குழாயை மாட்டிப் பாலை ஏற்றிக்கொண்டு வருவாள். பால் ஏறுகிற நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் சிகரெட் பிடிப்பார்கள். இவள் லாரிப் படியில் உட்கார்ந்து எதிரே தெரிவதை வரைவாள். தீவனக் கோபுரம், சாணிக் குவியல், துருப்பிடித்த டிராக்டர், கொடியில் காயும் துணி. பிறகு வீட்டுக் கராஜில் அதையே எண்ணெய் வண்ணத்தில் பெரிதாகத் தீட்டுவாள். முடித்ததும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுவாள்.

நான் பக்கத்து வீட்டு உல்லா. ஊருக்கெல்லாம் முடி வெட்டி ஓய்ந்தவள். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் என் வாய் ஓயவில்லை.

எங்கள் பக்கத்தில் ஈஸ்டர் வந்தால் ஓவியர்கள் வீட்டைத் திறந்து போட்டுவிடுவார்கள். மால்மோவிலிருந்தும் ஸ்டாக்ஹோமிலிருந்தும் ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வந்து, வீடு வீடாக ஏறி இறங்கிப் படம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் வாங்குவார்கள். ஓவியர் சங்கத்தில் இருப்பவர்கள் வாசலில் கொடி பறக்கும். இல்லாதவர்கள் ஒரு பலகையை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

"இந்த வருஷம் நீயும் தொறக்குற" என்றேன் அவளிடம்.

"உனக்கென்ன கிறுக்கா? அவங்கவங்க ஆப்பிள் பூவும் கடலுமா வரையறாங்க. என் சாணியை எவன் வாங்குவான்?"

"வாங்கலைன்னா காபி குடிச்சிட்டுப் போகட்டும். பலகை எழுதி நட்டாச்சு. போய்ப் பாரு."

பதறிக்கொண்டு ஓடினாள். பிடுங்கி எறியப்போகிறாள் என்று நினைத்தேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், சாய்ந்திருந்த பலகையை நிமிர்த்தி, காலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

பெரிய வெள்ளியன்று இருவரும் கராஜைக் கழுவிப் படங்களை மாட்டினோம். அத்தனையும் முகம் காட்டி ஒன்றாகத் தொங்கியபோது அவள் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"உல்லா, இதெல்லாம் நானா வரைஞ்சேன்?"

"இல்ல, பசுமாடு வரைஞ்சுது. விலையைச் சொல்லு, ஒட்டணும்."

லாரி டயர் ஒன்று என்ன விலையோ அதைச் சொன்னாள். தனக்குத் தெரிந்த விலை அது ஒன்றுதானாம்.

சனிக்கிழமை காலையில் காற்று பலகையையே சாய்த்துவிடும்போல அடித்தது. கார்கள் வேகம் குறைத்தன, எட்டிப் பார்த்தன, போய்விட்டன. மாய்பிரிட் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டு, ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் தலைமுடியைச் சரிசெய்தாள். நான் சுட்டுவைத்த லவங்கப்பட்டை பன்கள் ஆறிக்கொண்டிருந்தன.

முதலில் நுழைந்தது ஸ்தூரே. இரண்டு வளைவு தள்ளி இருக்கிற பண்ணைக்காரர், பேச்சுக்குப் பஞ்சமான மனிதர். பன்னைக் கடித்தபடியே சுவரோரமாக நடந்தவர், கோடியில் இருந்த பெரிய படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பனி மூடிய முற்றம், நீல வெளிச்சம், நடுவில் துணி காயும் கொடி. அதில் குளிரில் விறைத்துப்போய், ஆளில்லாமலே நடக்கிறமாதிரி குளிருக்குப் பேன்ட்டுக்குள் போடும் நான்கு நீள டிராயர்கள்.

"இது என் வீட்டு முற்றம்" என்றார்.

"ஆமா" என்றாள் மாய்பிரிட்.

"அது என் டிராயர்."

பாதி பன்னைத் தட்டில் வைத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

"போச்சு! இனி எந்த முகத்தோட அவர் வீட்டுல பால் எடுப்பேன்? நீயும் உன் பலகையும்!" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் படத்தைக் கழற்ற ஏணியில் ஏறியிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு டிராக்டர். ஸ்தூரே கோபித்துக்கொண்டு போகவில்லை. வெளியே நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார்: "என் டிராயர் கண்காட்சியில தொங்குது, சீக்கிரம் வாங்க!"

டிராயரைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்களுக்குத் தங்கள் வீடுகளும் கண்ணில் பட்டன. "ஏய், இது நம்ம கொட்டகைடா!" "எங்க கன்னுக்குட்டி! அதே சோம்பேறி மூஞ்சி!" விற்ற படத்தில் ஒட்டும் சிவப்புப் பொட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டி என் விரல் பிசுபிசுத்தது. மாய்பிரிட் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். ஆனால் என் காதில், "இவங்க தெரிஞ்சவங்க, உல்லா. அவங்கவங்க வீட்டை அவங்கவங்க வாங்குறாங்க. படத்தை வாங்கலை" என்றாள்.

அந்த இரைச்சலில், கோடியில் ஒரு பெண் தனியாக நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. மால்மோக்காரி, மழைக் கோட்டு போட்டிருந்தாள். ஊரே கூடிச் சிரித்த அந்தப் படத்தைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் வீடுன்னு எனக்குத் தெரியாது" என்றாள் மாய்பிரிட்டிடம். "ஆனா பார்த்தவுடனே கை சில்லிட்டுப் போச்சு. உள்ள யாரோ அடுப்பு மூட்டியிருக்காங்கன்னும் தோணுது. எங்க சாப்பாட்டு மேசைக்கு எதிர்ல மாட்டணும். தருவீங்களா?"

மாய்பிரிட் என் கையிலிருந்த பொட்டுத் தாளைப் பிடுங்கினாள். ஒரு பொட்டை உரித்து, தானே ஒட்டினாள். கோணலாகத்தான் ஒட்டியது.

"என்னது, வித்தாச்சா?" ஸ்தூரே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அதை நான் எடுக்கலாம்னு இருந்தேனே!"

"முதல்லயே வாயைத் தொறந்திருக்கணும்" என்றேன் நான்.

"என் டிராயர் மால்மோவுக்குப் போகுது, நான் மட்டும் இங்கயே கிடக்கணுமா?"

கராஜே அதிர்ந்தது. மால்மோக்காரிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்து, ஸ்தூரேயின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மாய்பிரிட் மட்டும் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கராஜின் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். இஸ்திரிச் சட்டையோடு, அந்தக் காற்றில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பிர்ச் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள், ஐம்பத்தேழு வயதுக்காரி.

மாடுகளுக்கு ஈஸ்டர் ஏது? ஞாயிறு விடியலில் அவள் லாரியை எடுத்துவிட்டாள், கராஜ் என் பொறுப்பு. ஒவ்வொரு பண்ணையிலும் குழாயை மாட்டிய கையோடு எனக்குப் போன் அடித்தாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"மணி ஏழுதான் ஆகுது, மாய்பிரிட்."

"சரி சரி. வந்தா அந்தத் தீவனக் கோபுரத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துல திருப்பி வை. அப்புறம் உல்லா, வர்றவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை விடாம கேட்டு வை. திட்டினாலும் பரவாயில்ல, அதையும் சொல்லு!"