எண்ணெய் டேங்குக்குள் வெந்நீர்க் குழாய்

மீன் ஏற்றும் என் பழைய டீசல் வண்டியை பஜ்ஜிக்கடைக் கழிவு எண்ணெயில் ஓட்ட ஆசைப்பட்டேன். கெட்டியான எண்ணெய் இளக, ரேடியேட்டர் வெந்நீர் சுற்றிவரும்படி டேங்குக்குள் செப்புக் குழாய் பொருத்தினேன். குழாய் இணைப்பை, ஏரியில் ஓடும் எங்கள் படகின் ஓட்டையை அடைக்கும் பசையாலேயே அடைத்தேன்.

நானும் மனைவியும் அவளுடைய இறால் கூடைகளோடு பொன்னேரி சந்தைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் பசை இளகி, வெந்நீர் எண்ணெயில் கலந்து, வண்டி இருமி நின்றது. கூடையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, ஏரித் தண்ணி கொதிக்குமா? வெந்நீருக்கு இந்தப் பசை தாங்குமானு யோசிச்சியா?" என்றவள், ஷேர் ஆட்டோவை மறித்துக் கூடைகளை ஏற்றிப் போனாள். இறாலை விற்றுவிட்டு, மெக்கானிக்கோடும் எனக்கு இட்லியோடும் திரும்பினாள்.

இப்போது டேங்குக்குள் இணைப்பே இல்லாத ஒரே குழாய்தான். கிளம்பும்முன் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்; நான் பார்த்தேனா என்று அவள் பார்க்கிறாள்.