அந்தப் படத்தில் கை மட்டும் இருந்தது

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காலையில் நடந்தது இது. இடம், கடலூர் சிப்காட்டை ஒட்டி இருக்கிற எங்கள் ஊர். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்க்கிறேன். தமிழில் டைப் அடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன்.

என் அக்கா என்னைவிட நாலு வயசு பெரியவள். பிளஸ் டூ படித்தாள். கபடியில் மாவட்டம் வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்தாள். அதற்கு மேல் அனுப்ப வீட்டில் வசதி இல்லை. அந்த ஏக்கமோ என்னவோ, எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குத் தினமும் சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்தில் கபடி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஊராட்சியும் பக்கத்துக் கம்பெனி ஒன்றும் சேர்ந்து செலவைப் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல். வெளியூர் மேட்ச் என்றால் வேன். நிறைய அம்மாக்கள் முதலில் முட்டைக்காகத்தான் பிள்ளைகளை அனுப்பினார்கள். அதை அக்காவே சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் ஊரில் ஊர்த் தெரு தனி, காலனி தனி. நாங்கள் ஊர்த் தெரு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவார்கள், அதோடு சரி. ஆனால் கபடியில் எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துச் சங்கிலி மாதிரி நின்றால்தான் மடக்க முடியும். முதல் மாதம் எங்கள் தெருவில் ரெண்டு மூன்று பேர் இதைப் பற்றி முணுமுணுத்தார்கள். அக்கா நேராக அவர்கள் வீட்டுக்கே போய், "கை புடிக்காம கபடி ஆடுறது எப்பிடின்னு நீங்களே வந்து சொல்லிக் குடுங்க அத்தை, நானும் கத்துக்கறேன்" என்றாள். அத்தைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த வருஷம் ஜூலையில் ஊராட்சித் தலைவர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த வருஷம் கபடிக்கு ஒதுக்கப் பணம் இல்லை, வடிகால் வேலைக்கே பற்றவில்லை, கம்பெனியும் நிறுத்திவிட்டது என்று சொன்னார். அக்கா நகராமல் அங்கேயே நின்றிருக்கிறாள். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்.

"பதினஞ்சாந்தேதி கிராம சபை வருது. தாய்மாருங்க கூட்டமா வந்து கேட்டா நான் தீர்மானம் போட்டுடறேன். அத வச்சி கம்பெனிலயும் பேசுவேன். நாலு பேரு வந்து நின்னா ஒண்ணும் நடக்காதும்மா."

அன்றிலிருந்து அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். தனியாகப் போக மாட்டாள். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று, காலனிப் பிள்ளை ஒன்று, இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் கூட்டிக்கொண்டுதான் எந்த வீட்டுக்கும் போவாள். ஒரு நாள் லீவு போட்டு நானும் பின்னால் போனேன். காலனியில் ஒரு அம்மாவுக்குக் கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. அவர் பெரிய மகள் அண்ணாமலை நகரில் தங்கி நர்சிங் படித்தாள். சின்ன மகள்தான் அக்காவின் டீமில் வலது ஓரத்தில் நிற்கிறவள். ஓரத்தில் நிற்கிறவள்தான் முதலில் பாய்ந்து காலைப் பிடிக்க வேண்டும். டீமிலேயே அவள்தான் கெட்டி.

அந்த அம்மா, "நான் கூட்டத்துக்கு வந்துட்டா கேன்டீன்ல யாரு சாம்பார் வைக்கறது, நீ வைப்பியா?" என்று கேட்டார்.

"வைக்கறேன்க்கா. ஆனா அன்னைக்கி கம்பெனியே லீவாச்சே" என்றாள் அக்கா.

"அடிப்பாவி, அதயும் விசாரிச்சிட்டுதான் படி ஏறுனியா!" அந்த அம்மா சிரித்துவிட்டு, "நான் மட்டும் இல்ல, எங்க தெருவையே கூட்டிட்டு வரேன், போ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அக்காவிடம் ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "ஃப்ளெக்ஸ் வச்சா யாரு படம் பெருசு, யாரு படம் சிறுசுன்னு கெளம்பும்டி. நானே வூடு வூடா போயிட்டுதான இருக்கேன், போதும்."

நான் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை. வீட்டில் எல்லாரும் அக்காவைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவார்கள். நான் எட்டாவது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஃப்ளெக்ஸ் டிசைன். அதை அக்காவுக்காகச் செய்து, அவள் அசந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் ஆசை. பதினாலாம் தேதி மத்தியானம் கடையில் உட்கார்ந்து செய்தேன். முதலாளி அண்ணன் மிச்சத் துணியில் சும்மா அடித்துக்கொள்ளச் சொன்னார். "பெண் பிள்ளைகள் கபடியைக் காப்போம், கிராம சபைக்கு வாரீர்" என்று எழுதிவிட்டு, நடுவில் டீம் போட்டோ வைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் கைகோத்து வரிசையாக நிற்கிற படம். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, பெரிய மனுஷன் மூஞ்சி ஒண்ணுகூட இல்ல? காதுகுத்துக்கே பதினஞ்சு மூஞ்சி போடறோம். மூஞ்சி இல்லாத ஃப்ளெக்ஸ எவன் நின்னு பாப்பான்?"

எனக்கும் அது சரியென்று பட்டது. எங்கள் தொழிலில் முதலில் மூஞ்சி, அப்புறம்தான் எழுத்து. எங்கள் தெருவில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். ஒரு தடவை பிள்ளைகளுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்தவர். காலனிப் பையன்கள் எங்கள் தெரு வழியாக வண்டியில் போகக் கூடாது என்று சண்டை போட்டவரும் அவர்தான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவே இல்லை. பனியன் கொடுத்தவர் என்றுதான் அவர் படத்தை வலது பக்கம் பெரிதாக வைத்தேன். இடம் பற்றவில்லை. டீம் போட்டோவை வலது ஓரத்தில் கொஞ்சம் வெட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனையோ படம் வெட்டுகிறோம். ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று யார் பார்க்கிறது?

மறுநாள் காலையில் காலனி ரோடு வந்து சேருகிற முனையில், சபைக்குப் பந்தல் போட்டிருந்த மைதானத்துக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினேன். காற்றில் விறைப்பாக நின்றது. கலர் நல்லா வந்திருந்தது. கீழே இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தூரத்தில் காலனியிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். கேன்டீன் அம்மா முன்னால் வந்தார். அக்கா கூட்டத்துக்குப் பின்னால், கடைசியாகக் கிளம்பியவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள்.

கேன்டீன் அம்மா ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் கிட்ட வந்தார். அவர் கண் அந்தப் பெரிய மனிதர் படத்தில் நின்றது. அப்புறம் தன் மகளைத் தேடியது. இருக்கிறாளா என்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒருத்தியை இழுத்து விரலால் காட்டினார்.

"எம் பொண்ணு எங்கடி? கை மட்டும் இருக்கு பாரு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை மணிக்கட்டோடு முடிந்து, அந்த இடத்திலிருந்து பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டை ஆரம்பித்தது. ஓரத்தில் நின்ற இரண்டு பேரை நான் வெட்டியிருந்தேன். இரண்டு பேரும் காலனி.

"நம்ம பொண்ணுங்கள வெட்டிட்டு அந்த ஆள ஒட்டியிருக்காளுங்க. இதுக்குதான் வூட்டுக்கு வூடு வந்து கும்புட்டாளா?"

"கூட்டம் காட்ட மட்டும் நாம வேணும்."

அக்கா வேகமாக முன்னால் வந்தாள். ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கையில் இன்னும் மிச்சக் கயிறு இருந்தது. கேன்டீன் அம்மா அவளிடம், "இது யாரு வேல?" என்று கேட்டார். நான் அந்தக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"நான்தான்க்கா போடச் சொன்னேன்" என்றாள் அக்கா. "தப்பு நடந்துபோச்சு. இப்பவே அவுத்துடறேன். பிள்ளைங்களுக்காக வாங்கக்கா."

அவளே ஸ்டூலில் ஏறி அவிழ்த்தாள். அவள் இறங்குவதற்குள் பாதிப் பேர் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். கேன்டீன் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். "உன்ன நம்புனேம்மா" என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

எங்கள் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தலைவர் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா நீ சொன்ன ஜனம்?" என்றார். தீர்மானம் வரவில்லை. வடிகால் பேசினார்கள், தெரு விளக்கு பேசினார்கள், ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துக் கூட்டத்தை முடித்தார்கள்.

வீட்டில் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி, அழுது, அதோடு தீர்ந்திருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அவ்ளோ பேரு முன்னாடி உன்ன வுட்டுக்குடுக்க முடியலடி. அக்டோபர் ரெண்டாந்தேதி இன்னொரு சபை இருக்கு. அதுக்குள்ள நீயே போயி அந்தக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு. நான் சொன்னா சமாளிக்கறேன்னு நெனைப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

சரி என்றேன். மறுநாள் போகலாம் என்று இருந்தேன். மறுநாள் ஆர்டர் ஜாஸ்தி. அதற்கடுத்த நாள் பஸ் லேட். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போயிருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். செப்டம்பர் கடைசியில் அக்கா, "போனியாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். போகிறேன் என்றேன். அக்டோபர் சபைக்கும் காலனியிலிருந்து யாரும் வரவில்லை. கம்பெனிக்காரர்கள் அந்தக் கணக்கையே மூடிவிட்டார்கள். அக்கா கைக்காசில் கொஞ்ச நாள் நடத்திப் பார்த்தாள். காலனிப் பிள்ளைகள் வரவில்லை. அப்புறம் எங்கள் தெருப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. வலது ஓரத்தில் நின்ற அந்தப் பிள்ளை கபடியையே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் அக்காவும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம். அப்புறம் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள். கடை பக்கம் என்பதால் நான்தான் கூடவே இருந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதெல்லாம், 'எழுந்ததும் மன்னிப்பு கேட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் காலனிக்குப் போக வேண்டும்' என்று நினைப்பேன். அவள் கண் திறந்ததும் கஞ்சி வேண்டுமா, ஃபேன் வைக்கட்டுமா என்றுதான் கேட்பேன். பன்னிரண்டாம் நாள் அவளைத் துணியில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இருபத்தாறு வயசு.

காரியம் முடிந்த மறுநாள் நான் காலனிக்குப் போனேன். கேன்டீன் அம்மா வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வேண்டாம் என்றாள், நான்தான் கேட்காமல் அடித்தேன், நான்தான் வெட்டினேன், அன்றைக்கு அவள் எனக்காகப் பொய் சொன்னாள் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு லேசாகிற மாதிரி இருந்தது. அந்த அம்மா திட்டுவார், இல்லையென்றால் என்னைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. எனக்குப் போட்ட நாற்காலியில் அவரே உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு தெனம் எங்க தெரு வழியாதான் பஸ்ஸுக்குப் போச்சு. ஒவ்வொரு நாளும் 'அக்கா, நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்கும். நான் மூஞ்ச திருப்பிக்குவேன். ஒன்றர வருசமா திருப்பிக்கிட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அவ இருக்கும்போது வந்து சொல்லியிருந்தா ஒரு நாளாவது பதில் சொல்லியிருப்பேனே பாப்பா. இப்ப வந்து சொல்ற. இப்ப நான் என்னா பண்ண?"

திரும்பி வந்துவிட்டேன். இப்போதும் பஸ்ஸில் எங்காவது அந்த அம்மாவைப் பார்த்தால் அவர் எழுந்து எனக்கு இடம் விடுகிறார், நான் உட்காருவதில்லை. என் மனசைக் கழுவிக்கொள்ளப் போன அன்றைக்கு, ஒரு பாவமும் அறியாத அவருக்கும் என் அக்காவை வாழ்நாள் துக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தேனே என்றுதான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.