நொண்டாமல் நடந்தவர்

பிரிஞ்சாங் கடைத்தெருவுக்கு முட்டைக்கோஸ் ஏற்ற வந்த லோரிக்காரர்தான் சொன்னார். "டிரசர், நம்ம அருளப்பன் போயிட்டாரு லா. காலையில சரிவுல இறங்குறப்ப இடுப்பு பிடிச்சிக்கிச்சாம். விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல." குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு அவருடைய லோரியிலேயே ஏறிவிட்டேன். தேயிலைத் தோட்டம் போய்ச் சேரும்வரை எனக்குத் துக்கத்தைவிடக் கோபமே அதிகமாக இருந்தது. அந்த இடுப்புக்காகத்தான் நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

அருளப்பனை உங்களில் பலர் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பின்னால் நின்ற, அதிகம் பேசாத மனிதராக அறிந்திருப்பீர்கள். ஜப்பான்காரனோடு சண்டை வந்தபோது அவர் வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் சேர்ந்து, அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமக்கும் வேலை பார்த்தார். குண்டுச் சில்லு ஒன்று அவருடைய இடது பாதத்தில் பாய்ந்தது. படை கலைந்ததும், காட்டு வழியாக எப்படியோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசர் அப்போது நான்தான். மருந்து இல்லாத காலம். உப்புத் தண்ணீரால் கழுவிப் பழந்துணியால் கட்டினேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, காலைப் பெரட்டில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திக் கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது ஓர் அதிகாரி பக்கத்தில் நின்று ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்ப்பான். வெள்ளைக்காரன் படையில் இருந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கையில் காயத் தழும்போடு இருந்த ஒருவரை அடுத்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. அன்று நான் அருளப்பனிடம், "நொண்டாதீங்க. நொண்டினா மாட்டிக்குவீங்க" என்றேன். சொன்னவன் நான்தான். இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் நொண்டவில்லை. சாக்குத்துணியை மடித்துப் பாதத்துக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, பெயர் கூப்பிட்டதும் நெஞ்சை நிமிர்த்திக் களத்தைக் கடந்துபோவார். "பேரு காதுல விழுந்ததும் கால மறந்துடணும் டிரசர். வலிய அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். மூன்றரை வருடம் அப்படியே நடந்தார். பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட வலது இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சண்டை முடிந்து, அரசாங்கத்தார் பாதத்துக் காயத்தைப் போர்க்காயம் என்று ஒத்துக்கொண்டார்கள். பல வருடம் கழித்து, இடுப்பு மடங்காமல் தடி பிடிக்க வேண்டி வந்தபோது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மனுப் போட்டோம். இடுப்பு வலி வயதினால் வந்தது என்று பதில் வந்தது. அருளப்பன் முதன்முறையாகக் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டிரசர். இது அந்தக் காலால வந்துச்சின்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், போதும்" என்றார்.

விடாமல் எழுதினோம். கடைசியில் டாக்டர் பரிசோதனைக்கு ஈப்போ பட்டணத்துக்குக் கூப்பிட்டார்கள். நடைக்கூடத்து பெஞ்சில் இருவரும் காத்திருந்தோம். உள்ளேயிருந்து அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டதும் அருளப்பன் எழுந்தார். தடியை என்னிடம் நீட்டி, "பிடிங்க" என்றார். நானும் பிடித்துக்கொண்டேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சாய்வும் இல்லாமல், நேராக உள்ளே நடந்து போனார். தடி என் கையில் இருந்தது எனக்கு உறைத்தபோது கதவு சாத்தியாகிவிட்டது. நடையில் குறையில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேவிட்டேன்: "ஏன்யா இப்படிப் பண்ணினீங்க?" சின்னப் பிள்ளை மாதிரி விழித்தார். "பேரு கூப்பிட்டாங்க டிரசர். கால் தானா நேராயிருச்சி. நான் என்ன பண்ண?"

அடுத்த மனுவுக்கு முன்னால் லயத்துப் பாதையில் அவரை நொண்டப் பழக்கிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க வலித்த மனிதருக்கு நொண்டி நடக்கக் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்த கூத்தை எங்கே போய்ச் சொல்வது! நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் ராஜா மாதிரி நடந்து வந்தார். வாசலில் நின்று பார்த்த அவர் மனைவி சவேரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு சவேரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவரு நொண்டி நான் ஒருத்திதான் பாத்திருக்கேன் டிரசர். வீட்டுக்குள்ள, கதவச் சாத்துன பிறகு" என்றார். பிறகு அந்தத் தடியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வச்சிக்கிங்க. அன்னிக்கும் நீங்கதானே பிடிச்சிக்கிட்டு நின்னீங்க."

சவேரியம்மா குத்திக்காட்டவில்லை. எனக்கு அவரைத் தெரியும். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை என்னால் அந்தத் தடியை ஊன்ற முடியவில்லை.

அருளப்பன் கேட்ட அந்த ஒரு வரியை எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை. டிரசராக இருந்தவன் என்ற முறையில் நானே இங்கே எழுதுகிறேன்: அவருடைய இடுப்பு அந்தக் காலினால் கெட்டது. நொண்டாதே என்று நான் சொன்னதாலும் கெட்டது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு தடி. அன்று அந்தக் கதவு சாத்துவதற்கு முன் நான் ஓடிப்போய் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டிய தடி.