செல்வி எழுதிய விண்ணப்பம்

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஞாயிறுதோறும் விஜயநகரிலுள்ள எங்கள் வீட்டில் தமிழ்த் தொழிலாளர்கள் சிலருக்குக் கன்னடத்தில் கடிதம், விண்ணப்பம் எழுதச் சொல்லித்தருகிறாள். அவர்களுக்காகத் தானே எழுதிக் கொடுக்க மட்டும் மாட்டாள்.

போன மாதம் ஹனூர்ப் பக்கத்துச் செல்வி வந்தார். நஞ்சன்கூடு தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். அதே தொழிற்சாலையில் வேறு வேலை கேட்டு விண்ணப்பம் எழுத இடது கையால் திணறினார். நான் பொறுக்காமல் தாளை வாங்கி, ‘உடல்நலக் குறைவால்’ என்று எழுதிக் கொடுத்தேன். விபத்தை எழுத்தில் வைத்தால் முதலாளி கோபித்து வேலையே போய்விடும், உதவிய என் மகளுக்கும் தொல்லை வரும் என்று பயம்.

செல்வி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஏனுங்கம்மா, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே. மெஷின்தானுங்க வெரல எடுத்துச்சு.”

“வேலை போயிட்டா என்ன பண்ணுவே?” என்றேன்.

“விடும்மா, அது அவங்க லெட்டர்” என்றாள் மகள். “அக்கா, நடந்தத நீங்களே எழுதுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்.”

இரண்டு மணி நேரம் ஆனது. இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மூடி இல்லையென்று முன்பே புகார் சொன்னதையும் செல்வி எழுதினார். மகள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. என் பயமும் போகவில்லை. ஆனால் அன்று மகளும் என்னைப்போலப் பயந்திருந்தால், செல்வி என் பொய்க்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார்.