ஹில்க்காவின் நான்கு குண்டுகள்

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை, வேட்டைச் சங்கத்தின் சுடுகளத்தில் ஹில்க்கா சுட்ட குண்டுகள் திசைக்கொன்றாகப் போயின. துப்பாக்கி அவள் அண்ணன் எய்னோவுடையது, அறுபது வயதைத் தாண்டியது. கை நடுக்கம் வந்ததும் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.

சங்கத் தலைவன் ஆர்மாஸ் குழலுக்குள் எட்டிப் பார்த்தான். "அக்கா, இது செத்துப்போச்சு. பேசாம சுவத்துல மாட்டிடுங்க."

"மாட்டுற ஆணியையும் நீயே குடுத்திடு," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

காகித ஆலையில் முப்பது வருஷம் இயந்திரங்களைக் கழற்றி மாட்டியவள் அவள். அடுத்தவர் வாய்வார்த்தையில் எதையும் குப்பையில் போடுகிற பழக்கமில்லை. சமையல் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, உள்ளே குண்டு இல்லையென்று இருமுறை பார்த்துக்கொண்டு, குழலின் பின்வாயைப் பூட்டும் இரும்புத் தண்டான போல்ட்டை உருவினாள். அதன் முன்முனைப் பற்கள் இரண்டும் சமமாகவே தேய்ந்திருந்தன, விரிசல் இல்லை. குழலில் துரு, அழுக்கு நீக்கும் திரவத்தை விட்டுத் துணியை இழுத்தாள். துணி மயில்கழுத்துப் பச்சையாக வந்தது. எல்லாம் குண்டுகள் உரசி வருஷக்கணக்காக ஒட்டிய செம்பு. நான்கு நாள் தேய்த்தபின் விளக்கொளியில் பார்த்தால், குண்டைச் சுழற்றிவிடும் சுழல்வரிகள் கூர்மையாகச் சுற்றிச் சுற்றி ஓடின.

பிறகு ஏன் சிதறியது? குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு இழுத்தாள். பாதியில் சிக்கியது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"இதை எங்க வெச்சிருந்தே?"

"ஆவி குளிக்கிற சவுனாவை ஒட்டின அறை அலமாரியிலதான், பத்திரமா."

"நல்ல பத்திரம்! கட்டையும் உன்கூட ஆவி குளிச்சிருக்கு. ஊதிப்போய்க் குழலை ஒரு பக்கமா தள்ளுது."

எய்னோ விழுந்து விழுந்து சிரித்தார்.

கட்டை இரண்டு வாரம் உலர்ந்தது. இடித்த இடத்தை மணல்தாளால் இழைத்து, ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, திருகுகளை அளவாக முடுக்கினாள். இப்போது காகிதம் தடையில்லாமல் வழுக்கிப் போனது.

வேட்டைக்குப் போக அனுமதி தரும் சுடும் தேர்வு நாள் வந்தது. எழுபத்தைந்து மீட்டரில் எல்க் மானின் படம், அதில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கு குண்டுகளும் அதற்குள் பாய வேண்டும். ஹில்க்கா அவசரப்படவில்லை.

ஆர்மாஸ் படத்தருகே போய்க் குனிந்தான். நான்கு ஓட்டைகளையும் ஒரே உள்ளங்கையால் மூடினான்.

"அக்கா!" என்று அங்கிருந்தே கத்தினான். "துப்பாக்கியை மாத்திட்டீங்களா?"

"அதேதான்டா! வந்து நம்பரைப் பாரு!"

களத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆர்மாஸ் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். வீடு திரும்பும் வழியில் ஹில்க்கா காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, பைன் மரங்களெல்லாம் கேட்கும்படி உரக்கப் பாடிக்கொண்டே போனாள்.